விளம்பரத்தைப் படிக்கக் கற்பித்தல்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தவறிய பாடம்

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் ரோமாபுரியில் கூடியிருந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஓர் ஆணையை வெளியிட்டது. ‘இந்தர் மிரிஃபிக்கா’ என்னும் தன் முதற் சொற்களால் அறியப்படும் அவ்வாணை, பத்திரிகை, திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய சாதனங்களைப் பற்றியது. அதன் 16ஆம் பிரிவு, இச்சாதனங்களை முறையாகப் பயன்படுத்தும் பயிற்சியை இளைஞர்க்கு அளித்தல் வேண்டும் என்றும், எல்லாப் படிகளிலுமுள்ள கத்தோலிக்கப் பள்ளிகளில் அதனை வளர்த்தல் வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அதே மாதம் 28ஆம் நாள் கோலாலம்பூரில் மலேசியத் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே 24 நாட்களே.

அந்நாளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் குன்றில் 1899ல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய கான்வென்டும், 1904ல் லா சால் சபைச் சகோதரர்கள் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் பள்ளியும் இருந்தன. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் லா சால் பெயர் தாங்கிய பள்ளிகள் இருந்தன; கிள்ளானில் கான்வென்டும் இருந்தது. ரயில்வே குமாஸ்தாவின் மகனும், யாழ்ப்பாணத்து ஆசிரியரின் மகனும், சீனக் கடைக்காரரின் மகனும் ஒரே பலகையில் அமர்ந்து படித்த பள்ளிகள் இவை. பாடம் கேட்டது ரோமாபுரி, பாடத்துக்குரிய பொருள் வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டது, பள்ளியும் இருந்தது. ஆயினும் விளம்பரத்தையும் செய்தியையும் பகுத்துப் படிக்கும் கல்வி அப்பள்ளிகளில் ஒரு பாடமாக உருப்பெறவில்லை. அது ஏன் என்பதை அறிய, அக்கல்வி எங்கே எவ்வாறு பிறந்தது என்பதை முதலில் காணுதல் வேண்டும்.

விளம்பரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்கள் முதன்முதலில் கத்தோலிக்கர் அல்லர். 1933ல் எஃப். ஆர். லீவிஸ் என்ற கேம்பிரிட்ஜ் இலக்கியத் திறனாய்வாளரும், டெனிஸ் தாம்ஸன் என்ற பள்ளி ஆசிரியரும் சேர்ந்து ‘பண்பாடும் சூழலும்’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு சிறு நூலை வெளியிட்டனர். கவிதையைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காணும் அதே முறையைச் சோப்பு விளம்பரத்திற்கும் மருந்து விளம்பரத்திற்கும் கையாளலாம் என்பது அவர்கள் கண்ட புதுமை. இவ்விளம்பரம் எவ்வுணர்ச்சியைத் தீண்டுகிறது, எத்தகைய வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பன போன்ற வினாக்களை மாணவர்க்குப் பயிற்சியாகக் கொடுத்தனர். அவர்கள் நோக்கம் ஏறத்தாழ அம்மை குத்துவதைப் போன்றது. நோயின் சிறு துளியை உடலில் ஏற்றிப் பெருநோயைத் தடுப்பதே அது. விளம்பரத்தின்மீது அவர்களுக்கு வெறுப்பே மிகுதி. ஆராய்ச்சி அந்த வெறுப்புக்குக் கருவியாயிற்று.

இந்நூல் வெளிவந்த மறு ஆண்டில், கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்தார் கனடா நாட்டு இளைஞர் மார்ஷல் மக்லூகன். 1936ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்க்குப் பாடம் சொல்லப் புகுந்தபோது, எதிரே அமர்ந்திருந்தவர்களின் உலகமே தமக்கு விளங்கவில்லை என்பதை உணர்ந்தார். அவர்கள் பார்த்த படம், படித்த சித்திரக்கதை, கேட்ட விளம்பரம் ஆகியவற்றை அறியாமல் அவர்களுக்கு இலக்கியம் சொல்லுதல் இயலாது எனக் கண்டு, அவற்றையே படிக்கத் தொடங்கினார். 1937ல் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். அதன்பின் அவர் பணியாற்றியவை யாவும் கத்தோலிக்கக் கல்லூரிகள். செயின்ட் லூயிஸில் இயேசு சபையாரின் பல்கலைக்கழகம், விண்ட்ஸரில் அஸம்ப்ஷன் கல்லூரி, 1946 முதல் டொரான்டோவில் செயின்ட் மைக்கேல் கல்லூரி.

1951ல் அவர் வெளியிட்ட ‘இயந்திர மணமகள்’ எனப் பொருள்படும் நூலில், ஒரு பக்கம் விளம்பரம் அப்படியே அச்சிடப்பட்டிருக்கும். அருகே குறும்பான சில வினாக்களும் ஒரு சிறு கட்டுரையும் இருக்கும். முன்னுரையில் எட்கர் ஆலன் போவின் கதையொன்றில் வரும் மாலுமியை உவமையாகக் காட்டுகிறார். கடற்சுழியில் அகப்பட்ட மாலுமி அலறுவதை விட்டு, எந்தப் பொருள் விரைந்து மூழ்குகிறது, எது மெல்லச் சுழல்கிறது என்று கவனிக்கத் தொடங்குகிறான். அக்கவனிப்பே அவனைக் கரை சேர்க்கிறது. லீவிஸ் சுழியைத் திட்டினார். மக்லூகன் அதன் ஓட்டத்தை அளந்தார். கல்வி முறை என்ற அளவில் பின்னதே பயன் தந்தது என்று கூறலாம். விளம்பரத்தை வெறுக்கக் கற்ற மாணவன் வெளியே வந்ததும் அதைப் பாராமலா இருக்கப் போகிறான்?

1960ல் அமெரிக்கக் கல்வி ஒலிபரப்பாளர் சங்கத்துக்காக மக்லூகன் ஓர் அறிக்கை தயாரித்தார். 11ஆம் வகுப்பு மாணவர்க்கு இச்சாதனங்களைக் கற்பிக்கும் பாடத்திட்டம் அதன் கருப்பொருள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது எளிதில் எட்டாத நடையில் அமைந்துவிட்டது. அவர் கருத்தை ஆசிரியர்கள் கையாளும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் கல்கின் என்னும் இயேசு சபைக் குரு. உயர்நிலைப் பள்ளியில் திரைப்படக் கல்வி என்பது பற்றி ஹார்வர்டில் ஆராய்ந்து 1964ல் டாக்டர் பட்டம் பெற்ற அவர், நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து அமெரிக்கா முழுவதுமுள்ள பள்ளி ஆசிரியர்களை இப்பக்கம் திருப்பினார். 1967ல் மக்லூகனையே ஓராண்டுக்கு அங்கு அழைத்து வந்ததும் அவரே.

ரோமாபுரியின் மனப்போக்கும் இக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1936ல் 11ஆம் பத்திநாதர் திரைப்படம் பற்றி வெளியிட்ட சுற்றுமடலின் நோக்கு பெரும்பாலும் காவற்காரன் நோக்கு. எந்தப் படம் பார்க்கத் தக்கது, எது தகாதது என்று பட்டியலிட்டு அறிவிப்பதை அது போற்றியது. 1957ல் 12ஆம் பத்திநாதரின் மடல் சற்றே கதவைத் திறந்தது. பார்வையாளருக்குப் பயிற்சி தேவை என்ற பேச்சு அதில் வலுப்பெற்றது. 1963ல் சங்கம் பள்ளிகளைப் பெயர் சொல்லி அழைத்தது. 1971ல் வெளிவந்த விரிவான போதனை ஏடு விளம்பரத்தைத் தனியே எடுத்துப் பேசிற்று. அதே ஆண்டுகளில் இந்தியாவில், கனடாவிலிருந்து வந்த காஸ்டன் ரொபேர்ஜ் என்னும் இயேசு சபைக் குரு, கல்கத்தாவில் 1970ல் ‘சித்ரபானி’ என்ற நிலையத்தை நிறுவித் திரைப்படத்தைப் படிக்கும் கலையைப் பரப்பினார். சத்யஜித் ராயின் ஆதரவு அதற்கு இருந்தது.

இப்பொழுது கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் திரும்பலாம். சங்கத்தின் ஆணை பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வேறொரு சட்டம் பிறந்துவிட்டது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும் வகுத்த வழியில் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நிறைவேறியது. மிஷன் பள்ளிகள் அரசாங்கத்தின் முழு உதவி பெறும் பள்ளிகளாயின. நிலமும் கட்டடமும் பெயரும் சபைகளிடம் நின்றன. ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் தேர்வும் அரசாங்கத்திடம் சென்றன. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகளின் போதனா மொழி, முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாக, மலாய் ஆயிற்று. புதிய நாடு தன் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்று நினைத்ததில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அதன் விளைவாக, ஒரு சகோதரரோ கன்னியாஸ்திரீயோ ரோமாபுரியின் அழைப்பைக் கேட்டுப் புதிய பாடமொன்றைத் தம் பள்ளியின் கால அட்டவணையில் சேர்க்க விரும்பியிருந்தாலும், அந்த அட்டவணை அவர் கையில் இல்லை.

சட்டத்தின்மேல் முழுப் பழியையும் சுமத்துவதும் நேர்மையாகாது. அதற்கு முன்பும் இப்பள்ளிகளை ஆண்டது கேம்பிரிட்ஜ் சான்றிதழ்த் தேர்வே. சுருக்கி வரைதல், கட்டுரை வரைதல், பத்தியைப் படித்து விடை கூறுதல் என்று அது கேட்டதையே பள்ளிகள் கற்பித்தன. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஒருவர் 1933லேயே விளம்பரத்தைப் பாடமாக்கிக் காட்டிய பின்னரும், அந்த ஊரின் பெயரைத் தாங்கிய தேர்வுக்குப் படித்த கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு அச்செய்தி எட்டாதது விந்தையே.

இப்பாடம் இல்லாமற் போனதால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். அதற்கு விடை டின் பாலில் இருக்கிறது.

1901ல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் துறை வழியே ரப்பரும் ஈயமும் வெளியே சென்றன. பிற நாட்டுச் சரக்குகள் உள்ளே வந்தன. அவற்றுள் ஒன்று சர்க்கரை சேர்த்துச் சுண்டிய டின் பால். மலாயாவில் வணிகச் சின்னத்தைச் ‘சாப்’ என்பார்கள். சீனம், தமிழ், மலாய் என்று மொழி பல. எழுத்து அறிந்தோர் சிலர். ஆதலின் படமே பெயராயிற்று. தலையில் குடம் சுமந்த பால்காரியின் படம் போட்ட டின், மலாய் மொழியில் தலையில் சுமப்பதைக் குறிக்கும் ‘ஜுன்ஜோங்’ என்ற சொல்லாலேயே கடைகளில் அறியப்பட்டது. படிக்கத் தெரியாதவர்கள் விளம்பரத்தைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். படத்தின் வழியே படித்தார்கள்.

பால்மரம் சீவப் புலரும் முன்னே புறப்பட்ட தோட்டத்துத் தாய்மார், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வது வழக்கம். அத்தகைய தாய்க்கு, கெடாமல் இருக்கும் பால், வெள்ளைக்காரக் குழந்தையின் கொழுத்த கன்னம் போல் தன் பிள்ளையின் கன்னத்தையும் ஆக்கும் பால் என்ற பேச்சு எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்! ஆனால் அந்தப் பாலில் ஏறத்தாழ 100க்கு 40 முதல் 45 பங்கு சர்க்கரை. ஆடை நீக்கிய பாலில் செய்ததாயின் கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமின் இல்லை. சிக்கனம் கருதி நீர் மிகுதியாகக் கலந்தால் பசியாறாது. கலக்கும் நீர் தூயதன்றெனில் கழிச்சல் வரும். தாய்ப்பாலை விட்டு இதற்கு மாறிய குழந்தைக்கு எலும்பு வளைதலும் கண் கெடுதலும் மரணமும் நேர்ந்தன.

இதைப் பகிரங்கமாகச் சொன்னவர் டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் என்னும் பெண்மணி. 1893ல் ஜமாய்க்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் பணிபுரிந்தபோது, புரதக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் ‘குவாஷியோர்கர்’ நோயை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். 1936ல் மலாயாவுக்கு மாற்றப்பட்டவர். தாதியரைப் போல் உடுத்திய பெண்கள் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் சென்று டின் பாலைப் புகழ்ந்ததை அவர் கண்டார். 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குக் ‘பாலும் கொலையும்’ எனப் பொருள்படும் தலைப்பு. தவறான பிரசாரத்தால் நேரும் இம்மரணங்களைக் கொலையென்றே கருத வேண்டும் என்பது அவர் வாதம். வர்த்தகர்களும் கனவான்களும் அமர்ந்திருந்த அவையில் இதைச் சொல்லும் துணிவு சாமானியமானதன்று. அவர் பேசியது சிங்கப்பூரில் எனினும், பேசிய பொருள் தீபகற்பம் முழுமைக்கும் உரியது. பின்னர் ஜப்பானியர் காலத்தில் அவர் சாங்கிச் சிறையில் வாடினார். 1948ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பகுதிக்கு முதல் தலைவரானார்.

வெள்ளுடை அணிந்த பெண்ணின் விளம்பரத்தில் பொய்யான வாக்கியம் ஒன்றுமே இல்லாதிருக்கலாம் என்பதைக் கவனித்தல் வேண்டும். உடைதான் பேசிற்று. மக்லூகன் மாணவர்களிடம் கேட்ட வினாக்கள் இத்தகைய இடத்திற்கே உரியவை. பேசுபவர் யார், யாருடைய கூலிக்குப் பேசுகிறார், எந்தச் சொல்லைச் சொல்லாமல் விடுகிறார், படம் சொல்லுவதும் எழுத்துச் சொல்லுவதும் ஒன்றுதானா? 2008ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பிற்காலச் சான்று. லாவோஸ் நாட்டில், தாய்க்கரடி குட்டியை மார்போடணைத்த படம் போட்ட டின் ஒன்று விற்றது. உள்ளே இருந்தது காப்பிக்குக் கலக்கும் சரக்கு. 1,098 பேரை விசாரித்ததில் 100க்கு 46 பேர், அது குழந்தைக்கென்று செய்தது அல்லது தாய்ப்பாலுக்கு மாற்று என்பதையே படம் குறிக்கிறது என்றனர். 100க்கு ஏறத்தாழ 19 பேர் தம் குழந்தைக்கு அதைக் கொடுத்தே இருந்தனர். எழுத்தில் எச்சரிக்கை இருந்தது; கரடி அதை வென்றுவிட்டது.

மலேசியாவில் இந்த வினாக்களை எடுத்துச் சென்றவர்கள் பள்ளிகளுக்கு வெளியே தோன்றினர். 1965ல் சிலாங்கூர் பயனீட்டாளர் சங்கமும், 1969ல் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் எழுந்தன. பின்னதை அரை நூற்றாண்டு, 2019ல் தாம் மறையும் வரை, நடத்தியவர் எஸ். எம். முகம்மது இத்ரிஸ். அச்சங்கம் தமிழிலும் ‘பயனீட்டாளர் குரல்’ என்ற இதழை நடத்தித் தோட்டத்து லயங்கள் வரை செய்தியைக் கொண்டு சென்றது. ‘நுகர்வோர்’ என்று தமிழகம் வழங்குவதை மலேசியத் தமிழர் ‘பயனீட்டாளர்’ என்பர். பொருளைத் தின்று தீர்ப்பவன் என்பதைவிட அதன் பயனைக் கொள்பவன் என்பது நல்ல சொல்லாட்சியே. பினாங்கில் தொடங்கிய இயக்கத்தில் வளர்ந்த அன்வர் ஃபசல் 1978ல் உலகப் பயனீட்டாளர் சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். மறு ஆண்டு குழந்தை உணவு பற்றிய உலகளாவிய செயற்கூட்டணி உருவாவதில் பங்கு கொண்டார். 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் நெறிமுறையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றே, அது அமெரிக்கா. டாக்டர் வில்லியம்ஸின் உரைக்குப் பின் 42 ஆண்டுகள் கடந்திருந்தன.

பயனீட்டாளர் மன்றங்கள் என்ற பெயரில் இவ்வியக்கம் பள்ளிகளுக்குள்ளும் நுழைந்தது. பாடவேளையில் அதற்கு இடமில்லை. மணியடித்த பின் நடக்கும் மன்றக் கூட்டமே அதன் வகுப்பறை. லா சால், கான்வென்ட் என்ற பெயர் தாங்கிய பள்ளிகளும் பிற அரசாங்கப் பள்ளிகளும் இவ்வகையில் ஒரே நிலையிலேயே இருந்தன. விருப்பமுள்ள ஆசிரியர் ஒருவர் கிடைத்த இடத்தில் மன்றம் தழைக்கும். அவர் மாற்றலாகிச் சென்றால் வாடும். தேர்வில் கேளாத ஒன்றுக்கு வேறு கதி ஏது?

அத்தகைய மன்றத்துக்கு எவ்வளவு வேலை இருந்தது என்பதைச் சிகரெட் வரலாறு காட்டும். மலேசியாவில் வானொலி, தொலைக்காட்சியிலிருந்து நேரடிச் சிகரெட் விளம்பரம் விலக்கப்பட்ட பின், கம்பெனிகள் சிகரெட்டின் பெயரைச் சுற்றுலாவுக்கும் உடைக்கும் இசை நிகழ்ச்சிக்கும் வைத்தன. 1990களில் கோலாலம்பூரில் ‘பென்ஸன் அண்ட் ஹெட்ஜஸ்’ என்ற சிகரெட்டின் பெயரிலேயே ஒரு காப்பிக் கடை இருந்தது. அதன் விளம்பரத்தில் காப்பி இருக்கும், சிகரெட் இராது. பெட்டியின் பொன்னிறம் மட்டும் இருக்கும். சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. 2004ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள் இவ்வழியை அடைக்கும் வரை இந்த விளையாட்டு நடந்தது. எழுத்தை மட்டும் கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு அங்கே ஒரு காப்பிக் கடைதான் தெரியும். நிறத்தையும் பெயரையும் சேர்த்துப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு, சட்டத்தை இயற்றியவர்களுக்குத் தெரியாததும் தெரிந்திருக்கும்.

பத்திரிகைகள் இப்பாடத்தைப் பெரிதாக வலியுறுத்தாததில் வியப்பில்லை. 1924ல் கோலாலம்பூரில் தோன்றி 2019ல் நின்ற ‘தமிழ் நேசன்’ முதலாக எந்த நாளிதழும் விளம்பர வருவாயின்றி நடந்ததில்லை; இக்கட்டுரையைத் தாங்கும் பக்கத்துக்கும் அது பொருந்தும். விளம்பரத்தைப் படிக்கக் கற்றவன் செய்தியையும் அவ்வாறே படிப்பான் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு போலும்.

மக்லூகனின் ஊரான டொரான்டோவில் என்ன நடந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். அங்கே 1978ல் பாரி டங்கன் என்ற பள்ளி ஆசிரியர் ஊடகக் கல்விக்கென ஒரு சங்கம் கூட்டினார். ஜான் புஞ்செந்தே என்ற இயேசு சபைக் குருவும் அதே பணியில் முன்னின்றார். ஆசிரியர்கள் ஏறத்தாழப் பத்தாண்டு முயன்றதன் பயனாக 1987ல் ஒன்டேரியோ மாகாணம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இக்கல்வியைக் கட்டாயமாக்கியது. 1989ல் அவர்கள் எழுதிய கைந்நூலை அரசாங்கமே வெளியிட்டது. ஊடகம் காட்டும் எதுவும் உலகத்தின் நேர்ப்படம் அன்று, ஒருவர் தேர்ந்து தொகுத்துக் கட்டியதே என்பது அக்கைந்நூலின் முதற் கருத்து. ஒன்டேரியோவிலும் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசாங்கப் பணத்தில் நடப்பவையே. ஆயினும் அவற்றுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட தனிக் கல்விக் குழுக்கள் உண்டு. பாடம் அங்கே மாகாணம் முழுவதற்கும் பொதுவாக வந்தது. கத்தோலிக்க ஆசிரியர்களும் பிற ஆசிரியர்களும் சேர்ந்து கேட்டதனால் வந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாயில் அந்த ஒன்றே. பாடத்திட்டம் கல்வி அமைச்சின் கையில் இருக்கையில், ஒரு சபையின் பள்ளிகள் மட்டும் தனியே இதைத் தொடங்குவதற்கில்லை. மொழிப் பாடத்தின் வழியே எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்ந்தே வரவேண்டும். அதற்குத் தமிழ் வகுப்பும் ஏற்ற இடமே. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் மலேசியப் பிரதமரும் திறந்து வைத்த பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’ வீதியிலும், கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும், நகைக்கடைப் பலகை முதல் சேலைக்கடைப் பலகை வரை பயிற்சிக்குரிய வாசகங்கள் தமிழிலேயே தொங்குகின்றன. 1977ல் மக்லூகன் தம் மகனுடனும் ஓர் ஆசிரியையுடனும் சேர்ந்து உயர்நிலைப் பள்ளிகளுக்கென எழுதிய நூல், மாணவரை வகுப்பைவிட்டு வீதிக்கு அழைத்துச் சென்று, கண்டதைக் குறித்துவரச் செய்யும் பயிற்சிகளால் ஆனது. ‘நகரமே வகுப்பறை’ என்பது அதன் பெயரின் பொருள்.